"எதற்கும் இருக்கட்டும்": ஒலி, ஒளி நிகழ்ச்சிகளில் வீணாவது எங்கே?

ஒரு பெரிய இசை நிகழ்ச்சியோ மாநாடோ "பசுமையாக" நடந்தது என்று செய்தி வந்தால், உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இல்லை, அழைப்பிதழ் மின்னஞ்சலில் போனது, குப்பையைப் பிரித்துப் போட மூன்று நிறத் தொட்டிகள் வைத்தார்கள். எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் மேடைக்குப் பின்னால் பதினான்கு மணி நேரம் உறுமிக்கொண்டிருந்த டீசல் ஜெனரேட்டரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

ஒலி, ஒளி, திரை ஆகியவற்றை வாடகைக்குக் கொண்டுவந்து, கட்டி, இயக்கி, பிரித்து எடுத்துப்போகும் நிறுவனங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. இவர்கள் சுற்றுச்சூழலுக்கு ஏற்படுத்தும் பாதிப்பில் காகிதக் கோப்பைக்கு இடம் மிகச் சிறியது. பெரிய பங்கு மின்சாரம், போக்குவரத்து, புதிதாக வாங்கும் சாமான் என்ற மூன்றில் இருக்கிறது. மூன்றிலும் வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். துறையில் இருப்பவர்கள் ஒரு நாளில் பத்து முறையாவது சொல்லும் வார்த்தை அது: "எதற்கும் இருக்கட்டும்."

கூடுதலாக ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) எதற்கும் இருக்கட்டும். ஜெனரேட்டர் ஒரு சைஸ் பெரியதாகவே இருக்கட்டும். நிகழ்ச்சி நடுவில் மின்சாரம் போனால் ஆயிரக்கணக்கானோர் முன்னால் எல்லாம் இருண்டுவிடும் என்பதால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கூடுதல் போதும் என்று அளந்து பார்க்காமல் சேர்ப்பதுதான் சிக்கல்.

## முதலில் இரண்டு சொற்கள்: கிலோவாட், யூனிட்

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் பாதி விவாதம் தடம் மாறுகிறது. குழாயைத் திறக்கிறீர்கள். தண்ணீர் கொட்டும் வேகம்தான் கிலோவாட். ஒரு மணி நேரம் கழித்து வாளியில் சேர்ந்திருக்கும் தண்ணீர்தான் யூனிட், அதாவது கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்.

கேபிளின் தடிமனையும் ஜெனரேட்டரின் அளவையும் முடிவுசெய்வது வேகம். எரிபொருளையும் உமிழ்வையும் முடிவுசெய்வது வாளி. உமிழ்வு என்றால் எரிபொருளை எரிக்கும்போது காற்றில் கலக்கும் பசுமைக்குடில் வாயுக்கள். அவற்றில் முக்கியமானது கார்பன் டைஆக்சைடு.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறும். ஒரு லிட்டர் டீசலின் எடையே 850 கிராம்தானே, அது எப்படி 2.7 கிலோ ஆகும் என்று பலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. டீசலில் உள்ள கார்பன், எரியும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு கார்பன் அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேரும். அந்த இரண்டின் எடை கார்பனின் எடையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால்தான் புகை எரிபொருளைவிடக் கனக்கிறது.

## ஜெனரேட்டர்: ஒரே பயணியோடு ஓடும் பேருந்து

ஐம்பது பேர் உட்காரும் பேருந்தில் ஒரே ஒருவர் பயணம் செய்கிறார். ஐம்பது பேர் ஏறினால் செலவாகும் டீசலில் ஐம்பதில் ஒரு பங்குதான் செலவாகுமா? ஆகாது. பேருந்தின் சொந்த எடையை இழுக்கவும் எஞ்சினைச் சுழலவைக்கவும் மட்டுமே பெரும்பகுதி போய்விடும். ஜெனரேட்டரும் அப்படித்தான். ஓரளவு நிறைந்த சுமையில் ஓடும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கால் லிட்டரிலிருந்து 0.3 லிட்டர் வரை டீசல் குடிக்கும். சுமை கால் பங்குக்குக் கீழே இறங்க இறங்க, அதே ஒரு யூனிட்டுக்குக் கூடுதலாகக் குடிக்கும். சுமையே இல்லாமல் சும்மா ஓடினாலும் பெரிய ஜெனரேட்டர் மணிக்குச் சில லிட்டர் எரிக்கும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் டீசல் எஞ்சின் போதிய சூடாவதில்லை. முழுதாக எரியாத எரிபொருள் புகைக்குழாயில் கறுப்பாகப் படியும். கரும்புகை கூடும், எஞ்சினின் ஆயுள் குறையும். அதனால்தான் ஜெனரேட்டரை முப்பது சதவீதச் சுமைக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

சரி, இவ்வளவு பெரிய ஜெனரேட்டர் ஏன் வந்து நிற்கிறது? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேடைக்கு வரும் சாமான்களின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச மின்தேவையை எல்லாம் கூட்டினால் 100 கிலோவாட் வருகிறது. லைட்டிங் பார்ப்பவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 120 என்று எழுதுகிறார். மேடைப் பொறுப்பாளர் தன் பங்குக்கு ஐந்தில் ஒன்று சேர்க்கிறார், 144. ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர் தன் பெயர் கெடக்கூடாது என்று இன்னொரு பங்கு சேர்க்கிறார், 173. அந்த அளவில் கைவசம் இல்லை என்று 200 கிலோவாட் வண்டி வந்து நிற்கிறது. ஒருவர் சேர்த்தது மற்றவருக்குத் தெரியாது. யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் அளவு இரண்டு மடங்காகிவிட்டது.

அதற்கும் மேலே, முதலில் கூட்டிய அந்த 100 உண்மையான தேவையே அல்ல. எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில், திரை முழுக்க வெள்ளையாக, எல்லா ஸ்பீக்கரும் உச்சத்தில் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் 100 வரும். நடைமுறையில் சராசரி அதில் பாதியைக்கூடத் தொடாமல் போகலாம். நிகழ்ச்சி உச்சத்தில் இருக்கும்போது, கூட்டம் ஆர்ப்பரிக்கும் அந்த நிமிடத்தில், மேடைக்குப் பின்னால் போய் ஜெனரேட்டரின் சின்னத் திரையைப் பாருங்கள். சுமை எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். அந்த எண் இருபதுக்குப் பக்கத்தில் நின்றால் பேருந்தில் ஒரே பயணி என்று பொருள்.

தீர்வுகளில் முதலாவது மிக எளிது: அரங்கத்தில் ஏற்கெனவே மின் இணைப்பு இருக்கிறதா, அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்பது. கேட்காமலேயே ஜெனரேட்டருக்குச் சொல்லிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. இரண்டாவது, ஒரு பெரிய ஜெனரேட்டருக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றை இணைத்து ஓட்டுவது. சுமை குறைந்தால் ஒன்று தானாக நின்றுகொள்ளும், கூடினால் மறுபடி ஓடத் தொடங்கும். ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். ஆக, "எதற்கும் இருக்கட்டும்" என்ற பயத்துக்கும் பதில் கிடைக்கிறது, டீசலும் மிச்சமாகிறது.

மூன்றாவது, ஜெனரேட்டரோடு பெரிய பேட்டரிப் பெட்டி ஒன்றைச் சேர்ப்பது. ஜெனரேட்டர் நல்ல சுமையில் சில மணி நேரம் ஓடி பேட்டரியை நிரப்பிவிட்டு நின்றுவிடும். இரவு முழுக்கக் காவல் விளக்குக்கும் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கும் மட்டும் தேவைப்படும் சிறிய மின்சாரத்தை பேட்டரி பார்த்துக்கொள்ளும். மணிக்கு 4 லிட்டர் வீதம் பத்து மணி நேரம் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் 40 லிட்டர், அதாவது நூறு கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டைஆக்சைடு. காவல்காரரின் தலைக்கு மேலே எரிந்த ஒரு விளக்குக்காக இவ்வளவு என்று நினைக்கும்போது மனசு கேட்கவில்லை.

முற்றிலும் பேட்டரியில் நடத்த முடியுமா என்றால், முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மேசிவ் அட்டாக் இசைக்குழு நடத்திய திறந்தவெளி நிகழ்ச்சி டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் நிரப்பிய பேட்டரிகளில் ஓடியது. கோல்ட்பிளே இசைக்குழு தன் சுற்றுப்பயணத்தில் மின்சாரக் கார் பேட்டரிகளைக் கொண்டு நகரும் மின்கலத் தொகுப்பை உருவாக்கிப் பயன்படுத்தியது.

இதுவரை: உமிழ்வைத் தீர்மானிப்பது மொத்த யூனிட். அந்த யூனிட்டை எந்த அளவு ஜெனரேட்டர், எந்தச் சுமையில் தருகிறது என்பதும் சேர்த்துத்தான். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேர்க்கும் கூடுதல், ஜெனரேட்டரைத் தேவைக்கு மேல் பெரிதாக்கிவிடுகிறது.

## மேடையில் மின்சாரம் எங்கே போகிறது

பார் லைட் எனப்படும் பழைய மேடை விளக்கில் 1000 வாட் பல்பு இருக்கும். டங்ஸ்டன் இழை சூடாகித்தான் ஒளிரும் என்பதால் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெப்பமாகவே போகும். அப்படி அறுபது விளக்கு என்றால் 60 கிலோவாட். அதே வேலைக்கு 150 வாட் எல்இடி பார்களை வைத்தால் 9 கிலோவாட். மூடிய அரங்கமாக இருந்தால் அந்த வெப்பத்தை வெளியேற்ற ஓடும் ஏசியின் மின்சாரமும் மிச்சம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. நகரும் தலை கொண்ட பழைய மூவிங் லைட்டுகளில் 1200, 1500 வாட் டிஸ்சார்ஜ் விளக்குகள் இருந்தன. இவை குழாய்க்குள் வாயுவில் மின்பொறி எரிந்து ஒளி தருபவை. ஒருமுறை அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும், சில நிமிடம் ஆகும். அதனால் மேடை இருட்டாக வேண்டிய காட்சியிலும் விளக்கை அணைக்க முடியாது. உள்ளே ஒரு தகடு வந்து ஒளியை மறைக்கும், அவ்வளவுதான். பார்வையாளர் கண்ணுக்கு இருட்டு. ஜெனரேட்டருக்கு முழுச் சுமை. எல்இடி மூவிங் லைட்டில் இருட்டு என்றால் உண்மையிலேயே அணைந்துவிடும். விசிறிக்கும் மோட்டாருக்கும் தேவையான சில பத்து வாட்டுகள் மட்டும் போகும்.

ஆனால் பழக்கம் மாறவில்லை. காலையில் விளக்குகளைத் தொங்கவிட்டதும் பவர் போட்டால் நள்ளிரவில் கழற்றும்வரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது, இன்று இல்லை. சோதனை முடிந்து நிகழ்ச்சி தொடங்க ஐந்து மணி நேரம் இருந்தால், அந்த ஐந்து மணி நேரமும் அணைத்து வைக்கலாம்.

எல்இடி திரையில் கணக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி விளக்கு. கறுப்பு என்றால் அணைந்திருக்கிறது, வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எரிகின்றன. அதனால் திரையில் ஓடும் படம்தான் மின்செலவை முடிவுசெய்கிறது. வெள்ளைப் பின்னணியில் நாள் முழுக்க ஓடும் ஒரு சின்னத்தைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றினால் செலவு பல மடங்கு குறையும். இதற்குப் புதுச் சாதனம் எதுவும் வேண்டாம், படம் வடிவமைப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரங்கத்துக்குள் திரையை முழுப் பிரகாசத்தில் ஓட்டினால் பார்ப்பவருக்குக் கண் கூசும். பாதிக்கும் கீழே குறைத்தாலே நன்றாக இருக்கும்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதிர்வதும் அடங்குவதுமாகப் போவது இசையின் இயல்பு என்பதால், ஆம்ப்ளிஃபையரின் சராசரித் தேவை அதன் உச்சத் திறனில் சிறு பங்குதான். தயாரிப்பாளர்களே எட்டில் ஒரு பங்குத் திறனில் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று குறிப்பேட்டில் அச்சிடுகிறார்கள். ஜெனரேட்டர் கணக்குக்கு அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இப்போது பரவலாக இருக்கும் கிளாஸ் டி ஆம்ப்கள் வெப்பமாக வீணாக்குவதும் மிகக் குறைவு.

## பாதி சார்ஜோடு தூக்கி எறியப்படும் பேட்டரிகள்

அளவில் சிறியதுதான், ஆனாலும் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கார்ட்லெஸ் மைக்கில் இரண்டு பென்சில் செல் போடுவார்கள். ஒத்திகைக்கு ஒரு ஜோடி. நிகழ்ச்சிக்கு முன் அதைக் கழற்றிவிட்டுப் புது ஜோடி. இடைவேளையில் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஜோடி. மேடையின் ஓரத்தில் உள்ள அட்டைப்பெட்டியில் செல்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றில் ஒன்றை எடுத்து மீட்டரில் வைத்துப் பாருங்கள். 1.4 வோல்ட்டைத் தாண்டி நிற்கும், பாதிக்கு மேல் உயிரோடு இருக்கும்.

ரீசார்ஜ் செல் போடச் சொன்னால், "அதை நம்ப முடியாது, மைக்கிலேயே பாதி சார்ஜ் என்றுதான் காட்டுகிறது" என்ற பதில் வரும். அந்தப் பதிலின் பின்னால் இருப்பது ஓர் எளிய விஷயம். சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு எனப்படும் ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்டில் நெடுநேரம் அசையாமல் நின்று, கடைசியில்தான் சட்டென்று இறங்கும். அல்கலைனுக்குப் பழகிய மீட்டர் அந்த 1.2ஐப் பார்த்துவிட்டுச் செல் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. இன்றைய தொழில்முறை மைக்குகள் பலவற்றில் செல் வகையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு மெனுவிலேயே இருக்கிறது. அதை மாற்றினால் மீட்டர் உண்மையைச் சொல்லும். நல்ல ரீசார்ஜ் செல்லை நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம்.

## லாரி, விமானம், ரைடர்

சாமான் எவ்வளவு கனம், எவ்வளவு தூரம், எந்த வாகனம் என்ற மூன்றுதான் போக்குவரத்துக் கணக்கு. கனம் ஏற்கெனவே நிறையக் குறைந்திருக்கிறது. மேடையிலிருந்து, ஒலிகளைக் கலக்கும் மிக்சர்வரை போகும் பழைய மல்டிகோர் கேபிளை, அதாவது பல கம்பிகளை ஒன்றாகச் சேர்த்த தடித்த கேபிளை, தூக்க மூன்று பேர் வேண்டும். இன்று அதே வேலையை ஒரு நெட்வொர்க் கேபிள் செய்கிறது, சுருளை ஒருவரே கையில் எடுத்துப்போய்விடலாம். வாகனத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: அதே எடையை அதே தூரத்துக்கு விமானத்தில் அனுப்பினால், கப்பலில் அனுப்புவதைவிடப் பல பத்து மடங்கு உமிழ்வு. கப்பலில் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் கால அட்டவணை. இரண்டு நாடுகளில் அடுத்தடுத்த வாரம் நிகழ்ச்சி வைத்தால் விமானத்தைத் தவிர வழியில்லை. ஆக, தேதி குறிக்கும் நாளிலேயே உமிழ்வும் குறிக்கப்பட்டுவிடுகிறது.

அப்புறம் ரைடர். கலைஞர் தனக்கு வேண்டிய தொழில்நுட்பத் தேவைகளை எழுதி அனுப்பும் பட்டியல்தான் ரைடர். அதில் குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட மாடல் மிக்சர்தான் வேண்டும் என்று இருந்தால், பக்கத்துக் கிடங்கில் அதே தரத்தில் வேறொன்று சும்மா கிடந்தாலும், எங்கோ தொலைவிலிருந்து அந்த ஒரு பெட்டிக்காக லாரி கிளம்பும். "அல்லது அதற்கு இணையானது" என்று ரைடரில் இருந்தால் அந்த லாரி கிளம்பவே தேவையில்லை. பசுமை மாநாடுகளில் இந்த மூன்று சொற்களைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

## புதிதாக வாங்கினால் பசுமையா?

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புது விளக்கு நல்லதுதான். ஆனால் அதைச் செய்யவும் உலோகம் உருக்கினார்கள், சில்லுகள் தயாரித்தார்கள், கப்பலில் அனுப்பினார்கள். பயன்பாட்டுக்கு வருமுன்பே ஒரு பொருளின் பெயரில் சேர்ந்துவிடும் இந்த உமிழ்வுக்குப் பொதிந்த உமிழ்வு என்று பெயர். வாரத்தில் ஐந்து நாள் எரியும் டங்ஸ்டன் விளக்கை எல்இடிக்கு மாற்றினால் அந்தக் கடன் சீக்கிரம் அடைந்துவிடும். ஆண்டுக்கு நான்கு முறை வெளியே வரும் விளக்கை மாற்றினால் நெடுநாள் ஆகும். ஏற்கெனவே எல்இடி இருக்க, புது மாடல் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றினால் மிச்சமாகும் மின்சாரம் கொஞ்சம்தான், கடனோ முழுசு.

இந்த இடத்தில் வாடகைத் தொழிலுக்கு இயல்பாகவே ஒரு பெருமை உண்டு. ஒரே ஸ்பீக்கர் நூறு நிகழ்ச்சிகளுக்கு உழைக்கிறது, நூறு பேர் தனித்தனியாக வாங்கத் தேவையில்லை. அந்தப் பெருமையைக் காப்பாற்றுவது பழுதுபார்க்கும் மேசை. ஃபேன் தேய்ந்த ஆம்பையும், ஒரு மூலை இருண்ட திரைப் பலகையையும் சரிசெய்ய ஆளும் உதிரிப்பாகமும் இருக்கும் நிறுவனம், புதிதாக வாங்குவதைத் தள்ளிப்போடுகிறது.

இதுவரை: விமானத்தைத் தவிர்ப்பதும், அருகில் கிடைப்பதை ஏற்பதும், இருப்பதைப் பழுதுபார்ப்பதும் முன்கூட்டியே திட்டமிட்டால்தான் நடக்கும். நிகழ்ச்சி நாளில் இவற்றில் எதையும் மாற்ற முடியாது.

## கணக்கில் வரும் மூன்று அறைகள்

உமிழ்வைக் கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படும் விதிமுறையில் மூன்று ஸ்கோப்கள், அதாவது மூன்று அறைகள், உண்டு. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள், சொந்த லாரியின் டீசல் போன்றவை, முதல் ஸ்கோப். வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றவர்கள் மூலம் நடக்கும் எல்லாம் மூன்றாவது: வாடகை லாரி, ஊழியரின் விமானப் பயணம், வாங்கிய சாமானின் பொதிந்த உமிழ்வு.

முதல் இரண்டை மட்டும் காட்டி "எங்கள் உமிழ்வு குறைந்துவிட்டது" என்று சொல்வது எளிது. சொந்த லாரியை விற்றுவிட்டு வாடகை லாரி எடுத்தாலே முதல் அறையிலிருந்து மூன்றாம் அறைக்கு டீசல் இடம் மாறிவிடும். காற்றில் கலப்பது அதேதான். அறிக்கையைப் படிக்கும்போது மூன்றாம் ஸ்கோப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஈடுகட்டுதலும் இப்படிக் கவனித்துப் பார்க்க வேண்டியது. நம் உமிழ்வுக்குப் பதிலாக வேறெங்கோ மரம் நடுவது போன்ற திட்டத்துக்குப் பணம் கொடுப்பதுதான் ஈடுகட்டுதல். மரம் வளர வருடங்கள் ஆகும், வளர்ந்தபின் எரிந்தும் போகலாம். டீசல் புகை இன்றே கலந்துவிட்டது. குறைக்க முடிந்ததைக் குறைத்த பிறகு செய்தால் தவறில்லை, குறைப்பதற்குப் பதிலாகச் செய்தால் தவறு.

நிகழ்ச்சிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 20121 என்ற தரநிலை இருக்கிறது. லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012இல் வெளிவந்தது, 2024இல் திருத்தப்பட்டது. இவ்வளவு டன்னுக்குள் இருக்க வேண்டும் என்று அது சொல்லாது. பாதிப்புகளைப் பட்டியலிடு, பொறுப்பாளரை நியமி, அள, அடுத்த முறை மேம்படுத்து என்ற நிர்வாக முறையை மட்டும் தரும். சான்றிதழ் இருப்பதாலேயே உமிழ்வு குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பார்வையாளர்கள் வந்துபோகும் பயணத்தின் உமிழ்வு பல நிகழ்ச்சிகளில் மேடையின் உமிழ்வைவிடப் பெரியது என்பதும் உண்மை. "அப்படியானால் நாங்கள் குறைத்து என்ன பயன்?" என்று நிறுவனங்கள் கேட்பதுண்டு. அது அமைப்பாளரும் நகரமும் சேர்ந்து தீர்க்க வேண்டிய பெரிய கணக்கு. ஒலி, ஒளி நிறுவனத்தின் கையில் இருப்பதிலும் நிறையச் செய்யலாம். கோல்ட்பிளே குழு 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2016-17 சுற்றுப்பயணத்தோடு ஒப்பிட்டால் ஒரு நிகழ்ச்சிக்கான நேரடி உமிழ்வு 59 சதவீதம் குறைந்திருந்தது.

## எங்கே தொடங்குவது

அடுத்த நிகழ்ச்சியில் ஒரே ஒரு வேலை. மின்சாரம் பிரியும் இடத்தில் ஒரு மீட்டரை மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் திரையை அரை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுத ஒருவரை வையுங்கள். கட்டும் நேரம், ஒத்திகை, நிகழ்ச்சி, பிரிக்கும் நேரம், இரவு என ஐந்து வரி. ஒவ்வொன்றிலும் சராசரி எவ்வளவு, உச்சம் எவ்வளவு. ஒலிக்கும் ஒளிக்கும் திரைக்கும் தனித்தனியாக எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

மூன்று நிகழ்ச்சிகளுக்கு இப்படி எழுதி வைத்தபின், நான்காவதற்கு ஜெனரேட்டர் சொல்லும்போது அந்தத் தாளை மேசையில் எல்லார் முன்னாலும் விரியுங்கள். உச்சம் 62 கிலோவாட் என்று தாளில் இருந்தால், கூடுதலை ஒரே ஒருமுறை, எல்லாரும் சேர்ந்து, ஒரே இடத்தில் போடுங்கள். லைட்டிங்காரரும் மேடைப் பொறுப்பாளரும் ஜெனரேட்டர்காரரும் தனித்தனியாகப் போட வேண்டாம். 80 கிலோவாட் வண்டி போதும் என்று அந்த மேசையில் முடிவானால், 200 கிலோவாட் வண்டிக்காக அன்று யாரும் போன் செய்ய மாட்டார்கள்.